என் பெயரைக் கேட்டார்கள்

1999 நவம்பர் 18, வியாழன்

என் மனைவி கமலாவை ஞாபகப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். மொழிபெயர்ப்பும் நான்தான். கணவரின் பெயர் என்ன என்று டொக்டர் கேட்டார். அவள் தலையைக் குனிந்தாள். எங்கள் ஊர்ப் பெண்கள் கணவன் பெயரைச் சொல்வதில்லை என்று நான் முந்திக்கொண்டு விளக்கினேன். அவர் அந்தக் கேள்வியை விட்டுவிட்டார்.

மூளையின் சின்ன இரத்தக்குழாய்கள் சில அடைத்திருக்கின்றனவாம். வயதான மூளையிலும் புதிய நரம்புக் கலங்கள் பிறப்பதாக இப்போது கண்டிருக்கிறார்களாம். இரத்தம் ஒழுங்காக ஓடினால்தான் அவை தங்குமாம். தினமும் நடக்கச் சொன்னார்.

திரும்பும் வழியில் பஸ் பார்க்டேல் பகுதியைத் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் தலை குனிந்தது வெட்கமா, மறதியா என்று டொக்டர் பார்க்க நான் விடவேயில்லை. எனக்கேன் அந்த அவசரம்? நாற்பது வருடமாக "இஞ்சாருங்கோ" என்றுதானே கூப்பிடுகிறாள்.

வீட்டுக்கு வந்ததும், "என்ர பேரை ஒருக்காச் சொல்லும்" என்றேன்.

"உங்களுக்கென்ன விசரே?" என்று சிரித்தாள்.

"அப்ப எழுதித் தாரும்."

நெடுநேரம் குனிந்திருந்து எதையோ எழுதினாள். காகிதத்தை நாலாக மடித்து, மேசையில் கிடந்த என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து மூடிவிட்டுப் படுக்கப் போனாள்.

கூட்டை நான் இன்னும் திறக்கவில்லை. கண்ணாடி இல்லாமல்தான் இதை எழுதுகிறேன். வரிகள் கோணலாகப் போகின்றன.