சுண்ணாம்புக்கு அடியில் அந்தோணி

என் உசுருக்கு உசுரான மாப்ளே அந்தோணிக்கு,

முதலமைச்சர் இறந்துபோய், பஸ் எல்லாம் நின்று, ஜெயங்கொண்டத்தில் ஒரு டீக்கடைகூடத் திறக்காத மார்கழி அது. நம் வரதராஜன்பேட்டைக் கோயிலில் அந்தக் கிறிஸ்துமஸுக்கு வெடி கிடையாது, மேளம் கிடையாது. நீ சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்தாய். அந்த வருஷத்தைத்தான் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். எனக்குத்தான் எழுத்து வராதே, உனக்குத் தெரியாததா?

கப்பல் பட்டறையில் துரு சுரண்டிக்கொண்டிருந்த உனக்கு, ஒரு ஜப்பான் கப்பல்காரன் தன் பழைய டிவியையும் அதில் மாட்டி வீடியோ கேம் ஆடுகிற பெட்டியையும் கொடுத்திருந்தான். வேலைவெட்டி இல்லாத நாட்கள். நீ, உன் பெண்டாட்டியான என் தங்கச்சி லூர்து, நான், மூன்று பேரும் அதற்கு முன்னால் உட்கார்ந்தோம். திரையிலும் மூன்று பேர். காடு, பாலம், கடல் என்று ஒருவர் பின்னால் ஒருவராக நடப்பார்கள்.

"மொத ஆளு நீ மச்சான். அவனுக்கு மந்திரம் ஒண்ணும் தெரியாது, கத்தி மட்டுந்தான். ஒனக்குத்தான் பொருந்தும்" என்றாய். நடுவில் நீ. கடைசியில் முக்காடு போட்டவள் லூர்து.

அதில் அப்படி என்னதான் இருந்தது? இன்றைக்கும் யோசிக்கிறேன். அது யாரையும் விரட்டவில்லை. பூதம் எதிரே வந்தாலும், நாம் யோசித்து முடிக்கிறவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். ஊர் எல்லையில் சின்னப் பூச்சிகளை அடித்து அடித்து உடம்பில் வலு ஏற்றிக்கொண்டு, அப்புறம்தான் பாலம் தாண்டவேண்டும். அவசரப்பட்டுத் தாண்டினால் அடி. எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. பத்தாவது படித்த நீயும் கைநாட்டு நானும் அதற்கு முன்னால் ஒன்று. "பதிலு ரெண்டெழுத்துன்னா ஆமா, மூணெழுத்துன்னா மாட்டேன். அவ்வளவுதான் மச்சான் படிப்பு" என்று நீ சொன்னபோது, வாழ்க்கையில் முதன்முறையாக நானும் படித்தவனானேன்.

ஒருநாள் பாலத்துக்கு அந்தப் பக்கம் நீ விழுந்தாய். எனக்கும் லூர்துவுக்கும் நடுவே ஒரு சவப்பெட்டி தரையில் இழுபட்டு வந்தது.

"ஐயய்யோ, என்னங்க இது பொட்டி?"

"நாந்தான்டி. செத்துட்டேன்."

"வாயக் கழுவுங்க!"

"ஏன்டி பதறுற? செத்தவன வுட்டுட்டுப் போற வழியே இதுல கெடையாது. சிலுவை போட்ட கோயிலுக்கு இழுத்துட்டுப் போனா, சாமியாரு எழுப்பிவுட்டுருவாரு."

இழுத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தோம். அதற்குள் டிவி சூடேறி வாடை அடித்தது. நாளைக்கு எழுப்பிக்கொள்ளலாம் என்று நிறுத்தினோம். நிறுத்தினால், விட்ட இடத்தைத் திரும்பப் பிடிக்க ஆட்டத்தில் வரும் ராஜா நீளமாக மந்திர எழுத்து கொடுப்பார். மறுநாள் அதைத் திரும்பப் போடும்போது ஒரு சுழி தப்பினாலும் கதவு திறக்காது. நீ அதைப் பார்த்துப் பார்த்து அடுப்புக்கரியால் சுவரில் எழுதினாய். தாளில் எழுதேன் என்றேன். "தாளு தொலஞ்சுடும். செவுரு எங்க ஓடிப்போவப்போவுது?" என்றாய்.

சுவர் ஓடவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கிடைக்காத சுண்ணாம்பு பொங்கலுக்குக் கிடைத்தது. மறுநாள் காலையில் நாம் இருவரும் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்புவதற்குள், வீட்டுக்காரி செய்யவேண்டியதை லூர்து செய்து முடித்திருந்தாள். சுவர் பால் மாதிரி வெளுத்திருந்தது.

"பொட்டிக்குள்ள என்னைய வச்சு சுண்ணாம்பு அடிச்சிட்டியேடி!" என்று விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன். அவளும்தான் சிரித்தாள். "சரி மச்சான், அடுத்த லீவுல மொதல்லேருந்து நடப்போம்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாய்.

அந்த லீவு வரவில்லை. சாரத்திலிருந்து விழுந்தாய் என்றார்கள். நீ பெட்டியில்தான் வந்தாய். திறக்கக்கூடாது என்று சீல் வைத்திருந்தது. கோயிலுக்குள் பெட்டியை இறக்கியதும் லூர்து பாதிரியாரின் காலைப் பிடித்துக்கொண்டு, "சாமி, எழுப்பிவுடுங்க சாமி" என்று கேட்டாள். துக்கத்தில் உளறுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் எதைக் கேட்கிறாள் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு நீ எழுதிய அந்தச் சுவருக்கு அவள் வெள்ளை அடிக்கவே இல்லை, மாப்ளே. எந்தப் பொங்கலுக்கும் இல்லை. பிள்ளைகள் சண்டை போட்டுப் பார்த்தார்கள். அந்த ஒரு சுவர் மட்டும் பழுப்பேறி நின்றது. ஒரு விளையாட்டுக்காக ஒருத்தி ஆயுசு முழுக்கத் தன்னைக் கொலைகாரியாக நினைத்துக்கொள்வாளா? நினைத்தாள். "நான் அழிச்சதாலதானே அண்ணே?" என்பாள். "இல்ல புள்ள" என்பேன். அந்த வார்த்தை அவள் காதுவரைதான் போனது.

போன மாதம் படுத்த படுக்கையானவள் என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, அந்தச் செவுத்தச் சொரண்டிப் பாருங்க" என்றாள். கத்தி முனையால் சுரண்டினேன். ஏடு ஏடாக உதிர்ந்தது. நீ எழுதிய முதல் எழுத்து தூண்டில் முள் மாதிரி இருக்கும், எனக்கு மறக்காது. அதே இடத்தில் கறுப்பாக ஒரு வளைவு தெரிந்தது. அது உன் கரியா, அடுப்புப் புகையா, வெறும் விரிசலா? நீதான் சொல்லவேண்டும்.

"இருக்கு புள்ள. அழியல" என்றேன்.

அவள் கட்டிலை ஒட்டிய சுவர்தான்; கையைப் பிடித்து அந்த வளைவில் வைத்தேன். தடவிப் பார்த்தாள். "அழியலன்னா, அப்ப அவரு எங்கண்ணே?" என்றாள். நான் சொன்னது அவளுக்கு ஆறுதலாகப் போனதா, இன்னொரு பாரமாகப் போனதா?

போன செவ்வாய்க்கிழமை லூர்து போய்விட்டாள். உன் பக்கத்திலேயே வைத்தோம். கிழவன் பின்னால் வரட்டும் என்று பையன்கள் சொன்னார்கள். நான் கேட்கவில்லை, பெட்டிக்கு முன்னால் நடந்தேன். அந்த ஆட்டத்தில் என் இடம் அதுதானே.

இப்போது எனக்குப் பின்னால் இரண்டு பெட்டி, மாப்ளே. கத்தியைத் தவிர ஒன்றும் தெரியாதவன் முன்னால் நிற்கிறேன். ஆனாலும் நடப்பேன். சிலுவை போட்ட அந்தக் கோயில் எங்கே இருந்தாலும் உங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு வந்து சேர்ப்பேன். வழியில் யாரையும் விட்டுவிட மாட்டேன்.

மூன்று பேரில் இன்னும் நின்றுகொண்டிருப்பவன்,
லூர்துவின் அண்ணன், உன் மச்சான்,
சின்னதம்பி