இரண்டு நாற்பதுக்கு எரிந்த பச்சை விளக்கு

பெல்ஃபோ,
ஜூன் 3, 1996

அன்புள்ள தம்பி க்ளோவிஸுக்கு,

நீயும் மேரிஸும் நலம்தானே? உன் அத்தான் ஓவிட்டை அடக்கம் செய்து இன்றோடு இருபத்தைந்து நாள். ஒரு நாள் வந்து எட்டிப்பார்ப்பாய் என்று நண்டு வாங்கிவைத்து, கடைசியில் அடுத்த வீட்டு பெர்னிஸுக்குக் கொடுத்தேன். எம்.எல்.ஏ. ஆனால் அக்கா வீட்டுக்கு வழி மறந்துபோகுமா?

வேலை இல்லாவிட்டால் இந்த வீட்டில் இருக்க முடியவில்லை. அதனால் நானும் ஓவிட்டும் மூன்று வருஷமாக எழுதிய அட்டவணையை எடுத்தேன். சலவைக்கடைச் சுவரில் ஒட்டுவோமே, அதுதான். ஊர் கேட்டது ஒரு பத்தி, சட்டசபையில் நீ போட்ட வாக்கு ஒரு பத்தி, உன் தேர்தலுக்கு நன்கொடை கொடுத்தவர்கள் ஒரு பத்தி. உன் வரிசை வரும்போதெல்லாம் ஓவிட் என் கையைப் பிடிப்பார். "அவன் நம்ம பையன் யூலாலி. பென்சில்ல எழுது, நாளைக்கு மாத்திக்குவான்" என்பார்.

இம்முறை கழிவு மசோதா. ரசாயனக் கழிவை நம் கிணறுகளுக்கு அடியில் இறக்க அனுமதி. வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டவை நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள். உன் வாக்கு: ஆதரவு. மசோதா ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியிருக்கிறது. மூன்றாவது பத்தியில் கழிவுக் கம்பெனி மேலாளர், அவர் மனைவி, அவர் மாமியார். மூவருக்கும் ஒரே நாளில் உன்மேல் பாசம் பொங்கியிருக்கிறது.

அது வருத்தம்தான். ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. வாக்கு விழுந்த நேரத்தைப் பார்த்தேன். மே ஒன்பது, வியாழன், பிற்பகல் இரண்டு நாற்பது. தலைநகர் இங்கிருந்து மூன்று மணி நேரம். அந்த இரண்டு நாற்பதுக்கு நீ ஓவிட்டின் சவப்பெட்டியை இடது பக்கம் முன்னால் தூக்கிக்கொண்டு தேவாலயப் படியில் இறங்கினாய். நான் உன் பின்னால் நடந்தேன். மணி அடிக்கத் தாமதமானதால் கடிகாரத்தைப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது.

ஒரு மனிதன் எப்படித் தம்பி இரண்டு இடத்தில் இருக்க முடியும்?

என்றும் உன் அக்கா,
யூலாலி

தலைநகர்,
ஜூன் 11, 1996

அன்பு யூலாலி அக்காவுக்கு,

வராதது தப்புதான், திட்டுங்கள். தோள் இன்னும் வலிக்கிறது. அவ்வளவு இளைத்தும் அத்தான் கனமாகத்தான் இருந்தார். படியில் இறங்கும்போது அவர் உள்ளே புரண்டது போலிருந்தது. மேரிஸிடம்கூடச் சொல்லவில்லை.

நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை. மேசையில் பச்சை, சிவப்பு என்று இரண்டு பொத்தான்கள்தான். யாராவது வெளியே போனால் பக்கத்து இருக்கைக்காரர் அழுத்திவிடுவார். எனக்கு ஹோரஸ் அழுத்துவார், அவருக்கு நான். எல்லோரும் செய்வதுதான். அன்றைக்கு வழக்கம்போல் போடச் சொல்லிவிட்டு பெல்ஃபோவுக்குக் கிளம்பினேன். என்ன மசோதா வருகிறது என்றுகூடப் பார்க்கவில்லை. மனம் முழுக்க அவர்தான் இருந்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா. அந்தச் சுவர் அட்டவணையை இனி விட்டுவிடலாமே.

உங்கள் தம்பி,
க்ளோவிஸ்

பெல்ஃபோ,
ஜூன் 20, 1996

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தைப் படித்த பிறகும் மனம் அடங்கவில்லை. பெர்னிஸின் வண்டியில் நேற்று தலைநகருக்கே வந்துவிட்டேன். சொல்லாமல் வந்தது நல்லதாகப் போயிற்று. நீ இல்லை.

மேலே பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தோம். சுவரில் பெரிய பலகை, நூறு பெயர்கள். கீழே எண்ணினேன். முப்பத்தெட்டுப் பேர். தலைவர் மேசையைத் தட்டினார். நூறு பெயருக்கும் விளக்கு எரிந்தது. உன் நாற்காலியில் யாருமே இல்லை, உன் பெயருக்கு எதிரே பச்சை. ஹோரஸ் பாதாம் மென்றுகொண்டே முதுகு சொறியும் குச்சியை நீட்டி உன் மேசையைத் தொட்டார். அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெற்று நாற்காலிகள் எல்லாம் சத்தமில்லாமல் நம்மைப் பற்றி முடிவெடுத்துக்கொண்டிருந்தன.

வாசல் காவலரிடம் கேட்டேன். "இங்க ஆள் கணக்கு வேற, விளக்குக் கணக்கு வேறம்மா" என்றார். பிறகு மூன்றாவது வரிசையைக் காட்டினார். "அந்த சீட்டுக்காரர் காலையில ஆஸ்பத்திரியில தவறிட்டாரு. சேதி இன்னும் கீழ வந்து சேரல போல." அந்தப் பெயருக்கும் பச்சை எரிந்தது. பெர்னிஸ் சிலுவை போட்டுக்கொண்டாள். "எந்திரி யூலாலி, போயிடலாம்" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

வழக்கம்போல் என்று எழுதியிருந்தாய். மூன்று வருஷத்தில் கழிவு பற்றி முப்பத்தொரு வாக்கு. இருபத்தேழு கம்பெனிக்கு. வழக்கம் எதுவென்று ஹோரஸுக்குத் தெரிந்திருக்கிறது, உனக்கும் தெரியும், ஓவிட்டுக்கு மட்டும்தான் கடைசிவரை தெரியவில்லை. இதை எழுதும்போது அழுகை வருகிறது.

ஆனால் இதற்கு வழி இருக்கிறது. அன்று இரண்டு நாற்பதுக்கு நீ பெல்ஃபோவில் இருந்தாய் என்று நோட்டரி முன் கையெழுத்துப் போட்டுக் கொடு. உன் வாக்கு செல்லாது, ஒரு வாக்கு போனால் மசோதாவும் நிற்காது என்று வக்கீல் சொல்கிறார். ஆகஸ்ட் முதல் தேதி துளை போட ஆரம்பிக்கிறார்கள். நீ பொய் சொல்ல வேண்டாம். எங்கே இருந்தாய் என்று சொன்னால் போதும்.

அக்கா

தலைநகர்,
ஜூன் 28, 1996

மதிப்பிற்குரிய திருமதி பெர்த்லோ அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் கணவரின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல். அவரது அடக்கத்திற்கு வர இயலாமல் போனது எனக்கு நிரந்தர வருத்தம். மே 9 பிற்பகல் நான் சபையில் இருந்தேன். பதிவேடும் அவ்வாறே கூறுகிறது.

துக்கத்தில் இருப்பவர்கள் ஒருவரை மற்றொருவராகக் காண்பது இயல்பு. தேவாலயத்தின் வருகைப் புத்தகத்தில் என் பெயர் இருப்பதாக அறிகிறேன். என் மனைவி எழுதியிருப்பார். குடும்பங்களில் இது வழக்கம்தான்.

ஜூன் 11 தேதியிட்ட கடிதம் என்னால் எழுதப்பட்டதல்ல. தற்போது பணியில் இல்லாத ஓர் ஊழியர் என் பெயரில் எழுதியது. அதைத் திருப்பி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். தொகுதி மக்களின் நலனே என் நலன்.

தங்கள் உண்மையுள்ள,
க்ளோவிஸ் டூகா
சட்டசபை உறுப்பினர்

பெல்ஃபோ,
ஜூலை 5, 1996

ஓவிட்டின் பெட்டியை இடது பக்கம் முன்னால் தூக்கியவருக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அதனால் தம்பி க்ளோவிஸின் வீட்டு முகவரிக்கே எழுதுகிறேன். அங்கே நீங்கள் இருந்தால் கிடைக்கும்.

அந்தத் தட்டச்சுக் கடிதத்துக்குப் பிறகு இரண்டு நாள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பாதிரியாரிடம் கேட்டேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டார். "க்ளோவிஸ்னுதான் நெனச்சேன். ஆனா சபைப் பதிவேடே அவர் அங்க இருந்தார்னு சொல்லுதேம்மா." பின்னால் தூக்கிய ரெனேயும், "முதுகுதானே பாத்தேன், முகத்தப் பாக்கலியே" என்கிறான். போன மாதம் அவனே உங்களைப் பெயர் சொல்லிப் பேசினவன். ஊர் உங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மறக்கிறது. இன்னும் ஒரு மாதத்தில் அந்தப் பெட்டியின் ஒரு மூலையை யாருமே தூக்கவில்லை என்று ஆகிவிடும்.

நான் மறக்கவில்லை. அடக்கம் முடிந்து என் சமையலறையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதீர்கள். "இனிமே என்னைப் பென்சில்ல எழுத யாரு இருக்கா, அக்கா" என்றீர்கள். சபைப் பதிவேட்டில் இருப்பவருக்கு அப்படிச் சொல்ல வராது.

ஜூன் 11 கடிதம் உங்களுடையது. அதைத் திருப்பிக் கேட்கிறார்கள், கொடுக்க மாட்டேன். திங்கட்கிழமை நீதிமன்றத்தில் கொடுக்கப்போகிறேன். அதனால் ஒருவருடைய பதவி போகும், பெயர் கெடும். அவர் நான் வளர்த்த பிள்ளை மாதிரி. எனக்கு வலிக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். நானூற்றுப் பன்னிரண்டு வீட்டில் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

நீங்களே வந்து, நான்தான் தூக்கினேன் என்று சொல்லிவிட்டால் அந்தக் கடிதம் தேவைப்படாது. என்னோடு வண்டியில் முன்னால் உட்கார்ந்து நீதிமன்றத்துக்கு வரலாம். திங்கட்கிழமை காலை எட்டு மணி வரை வீட்டில்தான் இருப்பேன்.

யூலாலி பெர்த்லோ