இடது பக்கம் போ, லூப்பே

17 செப்டம்பர், திங்கள்

என் புருஷன் லாஃபாயேலே கிரிக்கெட்டில் கையை உடைத்துக்கொண்டான். எதிர்த்து ஆடியது சர்ச் பெண்கள் அணி. அதை நான் வெளியே சொல்லக் கூடாதாம்.

கட்டுப் பிரிக்க இரண்டு மாதம் ஆகும். அதுவரை அவன் ஓட்டும் எங்கள் பஸ் கறிப்பலா மரத்தடியில் சும்மா நிற்கும். அக்டோபரில் சர்ச்சில் பிள்ளைகளின் திருநாளான குழந்தைகள் ஞாயிறு வருகிறது. வெள்ளை உடுப்புப் பிள்ளைகளை அடுத்த ஊர் சர்ச்சுக்கு யார் கொண்டுபோவது என்று ஊரே கேட்கிறது. நான் இருக்கிறேனே என்றேன். சிரித்தார்கள்.

நாத்தனார் வாஓசா சொன்னாள்: "உங்க பாங்கோ பாங்கோவுல வலது பக்கம்தானே அண்ணி ஓட்டுவீங்க? பிள்ளைங்கள நேரா மோட்சத்துக்கே கூட்டிட்டுப் போயிடுவீங்க."

கல்யாணத்துக்கு முன் அங்கே, அமெரிக்க சமோவாவில், எத்தனை வருஷம் பஸ் ஓட்டினேன்! இங்கே சமோவாவுக்கு வந்ததிலிருந்து மூட்டை மாதிரி உட்கார்ந்தே போகிறேன். எனக்கு அந்த ஸ்டீயரிங் வேண்டும். பிள்ளைகளுக்காக மட்டும் இல்லை.

"லைசென்ஸ் வாங்கு, சாவி தர்றேன்" என்றான் லாஃபாயேலே. வாங்கமாட்டேன் என்ற தைரியம்தான்.

20 செப்டம்பர்

பஸ்ஸை ஓட்டிப் பழகினேன். இங்கே எல்லாமே பக்கம் மாறி இருக்கிறது. திரும்புவதற்கு விளக்குப் போடப் போனால் மழைத் துடைப்பான் ஆடுகிறது. நல்ல வெயிலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஊரைச் சுற்றினேன். பக்கத்து சீட்டில் லாஃபாயேலே, அங்கே இல்லாத பிரேக்கை மிதி மிதி என்று மிதிக்கிறான்.

23 செப்டம்பர், ஞாயிறு

படுத்துக்கொண்டு யோசித்தேன். அங்கே வலது, இங்கே இடது. அங்கே நான் ஓட்டிய சாலையில் சிக்னலே கிடையாது. ஒருவன் நின்று வழிவிட்டால் பின்னால் வருகிறவர்களும் பொறுமையாக நிற்பார்கள். இங்கே தலைநகர் ஆபியாவில் சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு, பச்சை விழுந்த நொடியே பின்னால் ஹாரன். மாலைப் பிரார்த்தனை மணி அடித்தால் மட்டும் இரண்டு ஊரிலும் வண்டியை ஓரங்கட்ட வேண்டும். கடவுளுக்கு இடதும் வலதும் ஒன்றுதான் போலிருக்கிறது. நாய்களுக்கும் அப்படியே — அங்கேயும் இங்கேயும் நடுரோட்டில்தான் படுக்கை.

28 செப்டம்பர், வெள்ளி

போச்சு.

போலீஸ் சார்ஜெண்ட் தானியேலுதான் லைசென்ஸ் டெஸ்ட் வைத்தார். மீசைகூட அசையாத மனிதர். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. சந்தைக்கு முன்னால் வலது ஓரத்தில் ஒரு அம்மா கிழங்குக் கூடையோடு கை காட்டினாள். கை காட்டினால் நிற்பதுதானே பஸ்? சுதாரிப்பதற்குள் ரோட்டைக் கடந்து அவள் காலடியில் நிறுத்தியிருக்கிறேன். கதவு மறுபக்கம் திறந்தது.

"நடுரோட்டுக்கு வந்து ஏறணுமாடி?" என்றாள் அவள்.

சார்ஜெண்ட் பேனாவை மூடினார். "ஏம்மா, இது டெஸ்ட்டு. உன்னை யாரு ஆள் ஏத்தச் சொன்னது?"

அழுதேன். நன்றாகவே அழுதேன். பாங்கோ பாங்கோவிலிருந்து தங்கச்சி போனில், "இங்க வந்துடுக்கா, இங்க ரோடு சரியான பக்கம்தான் இருக்கு" என்கிறாள். வைடி போனை என்றேன்.

29 செப்டம்பர்

இடது, லூப்பே. இடது. இடது.

10 அக்டோபர், புதன்

எப்படி எழுதுவேன்!

மறுபடி டெஸ்ட், அதே சார்ஜெண்ட். இன்று யார் கை காட்டினாலும் பார்க்க மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். ஒரு பாட்டியைத் தாண்டிப் போனேன். இரண்டு பள்ளிக்கூட டீச்சர்களைத் தாண்டிப் போனேன். பாதிரியாரின் மனைவி கையை ஆட்டினார் — அவரையும் தாண்டிப் போனேன்.

"நிறுத்தும்மா" என்றார் சார்ஜெண்ட். "பாதிரியார் அம்மாவ ரோட்டுல விட்டுட்டுப் போற பஸ்ஸ நான் இந்தத் தீவுலயே பாத்ததில்ல. ஏத்து."

இடது ஓரத்தில்தான் நிறுத்தினேன். அவ்வளவுதான், பஸ் நிற்கிறது என்று செய்தி பரவிவிட்டது. பாதிரியார் அம்மாவுக்கு முன்சீட்டைக் கொடுத்துவிட்டு சார்ஜெண்ட் ஒரு வரிசை பின்னால் போனார். அடுத்த நிறுத்தத்தில் இன்னொரு பெரியவர், இன்னொரு வரிசை. ஒவ்வொருத்தர் ஏறும்போதும் பின்னால் நகர்ந்து நகர்ந்து கடைசி சீட்டுக்கே போய்விட்டார். இடமில்லாததால் மீன்கூடையோடு ஒருவன் வந்து அவர் மடியிலேயே உட்கார்ந்தான். இங்கே பஸ்ஸில் அதுதானே வழக்கம், யார் என்ன சொல்ல முடியும்?

ஸ்டேஷனில் இறங்கினார். சட்டையெல்லாம் மீன் வாடை.

"கடைசி சீட்லேர்ந்து எனக்கு ரோடே தெரியல" என்றார்.

மறுபடியும் போச்சு என்று சாவியைக் கழற்றினேன்.

"ஆனா ஒருத்தரும் கத்தல. பாதிப் பேரு தூங்கிட்டாங்க. எங்க சித்தப்பா பஸ்ல முழு ஊரும் ஜெபம் பண்ணிக்கிட்டே வரும்." லைசென்ஸ் தாளில் கையெழுத்துப் போட்டார். மீசை கொஞ்சம் அசைந்தது.

14 அக்டோபர், குழந்தைகள் ஞாயிறு

வெள்ளை வெள்ளையாக ஒரு பஸ் பிள்ளைகள். வழியெல்லாம் பாட்டு. ஒரு உடுப்பிலும் அழுக்கில்லை. வாஓசா என் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு திருப்பத்திலும் "இடது, அண்ணி" என்றாள். சந்தோஷத்தில் திட்டக்கூடத் தோன்றவில்லை.

19 நவம்பர், திங்கள்

லாஃபாயேலேக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். கை நன்றாக மடங்குகிறது. காலையில் சாவியை அவன் முன்னால் வைத்தேன்; விரலை உடனே எடுக்கவில்லை. அவன் தேநீரைக் குடித்து முடித்தான், எழுந்து போய் பஸ்ஸில் ஏறி, பின்பக்கம் ஜன்னலோரமாக உட்கார்ந்தான். ஆபியா வருவதற்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டான்.