கலங்கலை வெட்டிய பிறகு

2005 டிசம்பர்

அன்பு மகள் ஷெர்லினுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் அன்புவும் சுகமாகவே இருக்கிறோம், அங்கே ஹாலந்துக் குளிரில் உனக்கு நெஞ்சுச்சளி வராமல் இருக்கணும் என்று தினமும் ஜெபமாலை சொல்கிறேன். போனில் நான் வாயைத் திறந்ததுமே நீ ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுகிறாய், சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகிறது, அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், அவசரப்படாமல் படி. அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. தம்பி அன்புவுக்கு இருங்காட்டுக்கோட்டைக் கம்பெனியில் இன்னும் டெம்பரவரிதான், மழையில் லைன் ஓடவில்லை என்று அவனை அந்த வெள்ளத்தப்போ வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அதுவும் நல்லதாகப் போயிற்று.

அன்றைக்குப் பகலில் ஏரிக்கரை மேல் நின்று உன்னிடம் போனில் கத்தினேனே, உனக்குப் பாதி மழைச் சத்தம்தான் கேட்டிருக்கும். ஏரி தளும்பிக்கொண்டு நின்றது. பக்கத்துக் கம்பெனி வாய்க்காலை மூடிக் காம்பவுண்டு எழுப்பியதிலிருந்து, கலங்கலில் வழிகிற உபரித் தண்ணீர் போக வழியே இல்லை. கிழக்கு மூலையில் கரை அடியில் சேறாகக் கசிய ஆரம்பித்தது, அதற்கு நேர் கீழேதான் தெற்கேயிருந்து வேலைக்கு வந்தவர்கள் குடியிருக்கிற வாடகை ரூம்கள். கலங்கல் சுவரை வெட்டித் தாழ்த்திவிட்டால் ஏரி இறங்கும், ஆனால் தண்ணீர் மேற்கே பாய்ந்து கோதண்டராமன் மாமா வயலோடு சேர்த்துப் பால்பிடித்து நிற்கிற நெல் அத்தனையும் முழுகும். பொதுப்பணித் துறையில் யாரும் போன் எடுக்கவில்லை, பெரும்புதூர் ரோடும் தண்ணீரில். ஊராட்சித் தலைவி என்று எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

வெள்ளம் வந்தால் எந்த மதகை எப்போது திறப்பது என்று கணக்குப் போட்டு முடிவு சொல்கிற படிப்புதானே நீ படிக்கிறாய், அதனால்தான் உன்னைக் கூப்பிட்டேன். ஜனங்களைக் கிளப்ப முடியாதா என்று முதலில் கேட்டாய். அன்பு கதவு கதவாகத் தட்டிக்கொண்டுதான் இருந்தான், நைட் ஷிப்ட் முடித்தவர்கள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுத் தூங்குகிறார்கள், சிலர் சாமான் போய்விடும் என்று நகரவில்லை. இதே மாதிரி பத்து ஏரி இருந்தால் எத்தனை உடையும் என்று அடுத்தாற்போல் கேட்டாய். எனக்கு என்ன தெரியும், பக்கத்தில் நின்ற கோதண்டராமன் மாமாவைக் கேட்டேன். அவர் கசிவைப் பார்த்துவிட்டு, மூணு ஒடையும்னு வெச்சிக்கோ என்றார். கீழே ஆள் இருக்கும்போது மூன்று ரொம்பப் பெரிசு அம்மா, ஒன்று என்றாலே நான் வெட்டுவேன், ஆனால் முடிவு உன்னுடையது என்றாய். மாமா பெண்சாதி பாஞ்சாலி என் கையைப் பிடித்துக்கொண்டு, லூர்தக்கா இன்னும் கொஞ்ச நேரம் பாரேன் என்று கெஞ்சினாள். கையை உதறிவிட்டு வெட்டச் சொன்னேன்.

சாயங்காலமே மழை விட்டுவிட்டது, மறுநாள் சுள்ளென்று வெயில். கரை நின்றது, நெல் அழுகிப் போயிற்று. வெட்டாமல் இருந்தாலும் நின்றிருக்குமா என்று பிறகு வந்த இன்ஜினியரைக் கேட்டேன், யாராலும் சொல்ல முடியாதும்மா என்று ஜீப்பில் ஏறிவிட்டார். நம் நிலம் மேட்டில் இருப்பதால் தன் பயிருக்கு ஒண்ணும் ஆவாதுன்னு வெட்டிட்டா என்கிறார்கள் ஷெர்லின். பாஞ்சாலி என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். எனக்குச் சோறு இறங்கவில்லை, அப்பா பதவியை விட்டுவிடு என்கிறார். முடிவு சரியா என்பது வேறு, விளைவு வேறு என்று நீ சொன்னாய், புரிகிறது, ஆனால் அழுகின வயலைப் பார்த்தபடி நிற்கிறவளிடம் அதை எப்படிச் சொல்வது.

கலங்கல் தண்ணீர் போக மறுபடியும் வாய்க்கால் வெட்டுவது பற்றிப் பேச, போன ஞாயிறு பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டேன். கோதண்டராமன் மாமா எழுந்து, இன்னா தலைவரம்மா, மூணு ஒடையும்னு நான் சொன்னா மிச்சம் ஏழு நிக்கும்னுதானே அர்த்தம், அப்புறம் இன்னாத்துக்கு வெட்டுன என்று கேட்டார். ஆமாம், நிற்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம், அது தெரிந்துதான் வெட்டினேன், நாளைக்கே இப்படி வந்தாலும் வெட்டுவேன் என்றேன். கரைக்குக் கீழே அந்த வாடகை ரூமில் குடியிருக்கிற இசக்கிதுரை என்கிறவன் பின்னாலிருந்து எழுந்தான். அன்னைக்கி நான் ஷிப்டுல நின்னேன், எம் பொஞ்சாதி மாடத்தி பச்சப்புள்ளையோட ரூமுக்குள்ள கெடந்தா, ஒங்க நெல்லுக்கு நான் என்ன சொல்லன்னு தெரியல மாமா, வாய்க்கா வெட்டணும்னா லீவு நாள்ல நாங்க அத்தன பேரும் வாறோம் என்றான்.

வாய்க்கா வெட்ட நானும் வரேன் என்றார் மாமா. அப்புறம் என்னைப் பார்த்து, அடுத்த தபா ஒம் பொண்ணு கணக்குப் போட்டா மூணா நாலான்னு மட்டும் எங்கிட்ட கேக்க வேணாம், அந்த நெல்லு எனக்கு இன்னான்னும் கேக்கச் சொல்லு என்றார்.

அன்றைக்கு நாம் ரெண்டு பேருமே அதைக் கேட்கவில்லை மகளே. கேட்டிருந்தாலும் வெட்டித்தான் இருப்பேன், ஆனால் பாஞ்சாலி கையை உதறியிருக்க மாட்டேன். அவள் இன்னும் பேசவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, ரொட்டியை மட்டும் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, கம்பளி போடாமல் வெளியே போகாதே. மாமா சொன்னதை மறக்காமல் உன் வாத்தியாரிடமும் சொல். மாதா உனக்குத் துணையாக நிற்கட்டும், கிறிஸ்துமஸ் அன்றைக்கு உன் பேரில் பூசைக்குச் சொல்லியிருக்கிறேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
நா. லூர்தம்மாள்