மிச்ச எழுத்துகளைத் திருப்பி அனுப்பு

துலூத்
நவம்பர், சனிக்கிழமை

அன்புள்ள மகள் கிர்ஸ்டனுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் ரூபனும் வயிற்றில் இருக்கும் குழந்தையும் அந்த டூசான் வெயிலில் வாடாமல் சுகமாக இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் சுகம்தான், படி இறங்கும்போது முழங்கால் மட்டும் முனகுகிறது. இங்கே ஏரிக் காற்று தொடங்கிவிட்டது, பனியும் விழுந்துவிட்டது, நானே வாரித் தள்ளினேன். பக்கத்து வீட்டுக்காரன் தன் பனி தள்ளும் இயந்திரத்தை என் எல்லை வரைக்கும் கொண்டுவந்து, அங்கே சரியாக நிறுத்தித் திருப்பிக்கொண்டு போகிறான், போகட்டும். உன்னைக் கூப்பிட்டால் எப்போதும் வேலையில் இருக்கிறாய், செய்தி அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வருகிறது, அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். இதோடு ஒரு பெட்டியும் வருகிறது. படித்து முடித்த பிறகு திற.

போன வாரம் தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் கைவினைச் சந்தை நடந்தது. பள்ளிக்கூடத்தில் வரலாறு போதும், நீங்களும் போதும் என்று என்னை வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து நான் மரத்தில் எழுத்து வெட்டி விற்பது உனக்குத் தெரியும். வாசலுக்கு ‘வருக’, ஏரிக்கரைக் குடில்களுக்குப் பெயர்ப்பலகை, இப்படி. வழக்கம்போல என் மேசையைக் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள், இடம் ஒதுக்குவது உன் அம்மாவின் சிநேகிதி மார்லிஸ், வேறு எங்கே போடுவாள். அடுத்த மேசை பெவ், போர்வை தைக்கிறவள், அவளை உனக்கு நினைவிருக்கும். “என்னய்யா கர்ட்டிஸ், மூஞ்சிய இப்பிடி வச்சுக்கிட்டு உக்காந்தா ‘வருக’ன்னு எழுதின பலகைய எவன்யா வாங்குவான்” என்று சொல்லி ஒரு எலுமிச்சை கேக் துண்டைத் தட்டில் தள்ளினாள். அவள் மடியில் ஒரு மஞ்சள் குழந்தைப் போர்வை, ஓரத்தில் பெயர் தைத்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பியதும் உள்ளங்கையால் மூடிவிட்டாள். யாருக்கு என்று கேட்டேன். “ஒரு ஆர்டர்ப்பா, நீ கேக்கைத் தின்னு” என்றாள். அந்த நேரம் பார்த்துக் காப்பி ஊற்ற வந்த மார்லிஸ், “அட, ஜோலீன் பேத்தி போர்வையா, என்ன அழகான பேரு” என்று ஆரம்பித்தாள், பெவ் மேசைக்கடியில் அவள் காலை மிதித்த பிறகுதான் நிறுத்தினாள். பெண் குழந்தை என்பதே எனக்கு அந்த மேசையில்தான் தெரிந்தது. உன் அம்மாவின் பேத்தி. அப்படியானால் நான் அந்தக் குழந்தைக்கு யார் என்று கேட்க நினைத்தேன், கேக்கைத் தின்றேன். அந்தக் கூடத்தில் காப்பி குடித்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்த பெயர், உன் அம்மாவுக்கு இரண்டாவதாக வாய்த்த அந்த டெர்ரிக்கும் தெரிந்திருக்கும், எனக்கு மட்டும் தெரியக் கூடாது.

அன்று சாயங்காலம் உன் அத்தை கேரனைக் கூப்பிட்டேன். அவள் சுற்றி வளைத்துவிட்டுக் கடைசியில் சொன்னாள், நீ அவளிடம், “அப்பாகிட்ட பேரச் சொன்னா அது எந்த நாட்டுப் பேரு, எந்த ராணி அந்தப் பேர வச்சுக்கிட்டு யாரைக் கொன்னான்னு ஒரு பாடம் எடுப்பாரு, முடியறதுக்குள்ள எனக்கே அந்தப் பேரு பிடிக்காமப் போயிடும்” என்றாயாம். நல்லது. அந்தப் பாடங்களில்தான் உன் படிப்புச் செலவு நடந்தது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன், வேறொன்றும் சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். குழந்தையின் அறைக்குப் பெயர்ப்பலகை செய்ய கோடையிலிருந்தே நினைத்திருந்தேன், நீ பெயரைச் சொல்வாய் என்று காத்திருந்தேன். கையால் எழுதினது போலத் துள்ளுகிற எழுத்துரு வேண்டும், அச்சடித்த மாதிரி விறைப்பாக நிற்கக் கூடாது. கணினியில் இப்படிப்பட்டவை கொட்டிக் கிடக்கின்றன, முக்கால்வாசி ஏமாற்று. ஒன்றில் புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் எல்லாம் இதயம், ஒன்றில் வால்கள் நூல் போல மெலிந்திருப்பதால் ரம்பம் பட்டதும் ஒடிந்துவிடும், இன்னொன்று குழந்தை கிறுக்கினது போல நடிக்கிறது, ஆனால் ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் இரண்டும் ஒரே வளைவு, ஒரே கோணல். எந்தக் குழந்தை அப்படி எழுதும். பெவ்விடம் யோசனை கேட்டேன். “ஒவ்வொரு எழுத்தாப் பாத்து மயங்காதய்யா, முழுப் பேரையும் அடிச்சுப் பாரு, சேர்ந்து நின்னா தெரிஞ்சுடும், ஒரு ஃபாண்ட்ல ‘பி’ அழகா இருக்கும், ‘ஜி’ பிச்சைக்காரன் மாதிரி நிக்கும்” என்றாள், சொன்ன பிறகு அவளுக்கே சங்கடமாகிவிட்டது, ஊசியைத் தேடுவது போலக் குனிந்துகொண்டாள். அவள் சொன்னது சரிதான். எனக்குத்தான் அடித்துப் பார்க்கப் பெயர் இல்லை. அதனால் எல்லாவற்றிலும் கிர்ஸ்டன் என்று அடித்துப் பார்த்தேன். இந்த வாரம் முதல் மூன்று நாள் முழுக்க வீட்டில் உன் பெயர்தான் விதவிதமாகத் துள்ளிக்கொண்டிருந்தது, வேறு சத்தம் இல்லை, வீட்டைச் சூடாக்கும் உலை மட்டும் அவ்வப்போது இருமும்.

கடைசியில் ஒன்று கிடைத்தது. தடித்த எழுத்துகள், கொஞ்சம் குடித்தவன் போல ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்கும், ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு வடிவம் உண்டு, பெயரில் ஒன்று இரட்டித்து வந்தாலும் அண்ணன் தம்பி போல இருக்கும், நகல் போல இருக்காது. ரூபன் குடும்பத்து ஸ்பானியப் பெயராக இருந்தால் என்ன செய்வது என்றும் யோசித்தேன். இந்த விளையாட்டு எழுத்துருக்களில் பலவற்றில் தலையில் சின்ன அலை போட்ட ‘என்’ எழுத்து இருப்பதே இல்லை, விற்கிறவர்களுக்கு அந்த அக்கறை இல்லை. இதில் இருக்கிறது. மேலே கோடு சாய்த்த எழுத்துகளும் இருக்கின்றன. எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். பெட்டியில் இருப்பது முழு நெடுங்கணக்கு, இரண்டு வடிவத்திலும், அலை போட்டது தனியாகக் காகிதத்தில் சுற்றியிருக்கிறது, ஒடிந்துவிடாமல் எடு. பிர்ச் மரம், தேன்மெழுகுதான் பூசியிருக்கிறேன், குழந்தை வாயில் வைத்தாலும் கெடுதல் இல்லை. தொட்டிலுக்கு நேர் மேலே மாட்டாதே, எதிர்ச் சுவரில் மாட்டு. ஆணியை ரூபன் அடிக்கட்டும், நீ நாற்காலி மேல் ஏறாதே. தண்ணீர் நிறையக் குடி. வெயிலில் நின்ற காரில் உடனே ஏறாதே, கதவைத் திறந்து வைத்து ஆறவிடு.

பிரசவம் நல்லபடியாக முடியட்டும். பிள்ளை பசித்து அழவும், நீ சிரித்து எழவும் வேண்டும். ரூபனிடம் என் அன்பைச் சொல், அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, என் குறைப் பட்டியலில் இல்லாத ஓரிருவரில் அவன் ஒருவன்.

ஒன்றை மறந்துவிடாதே. உனக்கு வேண்டிய எழுத்துகளை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அதே பெட்டியில் வைத்து அனுப்பிவிடு, என் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய தாள் அடியில் இருக்கிறது. நல்ல மரம், வீணாகக் கூடாது என்று கேரனிடம் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். திரும்பி வந்ததைச் சாப்பாட்டு மேசையில் முதலிலிருந்து வரிசையாக அடுக்கி, எந்தெந்த இடம் காலியாக இருக்கிறது என்று பார்ப்பேன். நீ எதுவும் எழுத வேண்டாம். பாடமும் எடுக்க மாட்டேன். காலியாக இருப்பதை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொள்கிறேன், இங்கே பனி ஏப்ரல் வரைக்கும் இருக்கும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
கர்ட்டிஸ்