நனைத்த துண்டு

எண்ணூர்,
புதன் காலை

அன்புள்ள அப்பாவுக்கு, ஜெமிமா ஸ்தோத்திரத்தோடு எழுதுவது. உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி? நான் சுகம்.

ஆபீஸ் போகுமுன் தினமும் முகத்துவாரம் வரை நடக்கிறேன். பக்கத்து வீட்டுத் தாயம்மாக்கா துணைக்கு வருவார். இங்கே நடக்கிறவர்கள் எல்லோர் தோளிலும் துண்டு கிடக்கும். வேர்வை துடைக்க என்று நினைத்து நானும் ஒன்றைப் போட்டுக்கொண்டேன். அக்கா தொட்டுப் பார்த்துச் சிரித்தார். "காஞ்ச துண்ட வச்சிக்கினு இன்னாம்மா பண்ணுவ?"

நேற்றுத்தான் புரிந்தது. சேற்றில் எப்போதும் நிற்கும் கொக்குகளில் ஒன்றுகூட இல்லை. அக்கா நின்றுவிட்டார். "உரக் கம்பெனி பக்கத்துலேர்ந்து காத்து வருது. வா, வூட்டுக்குப் போலாம்." பாதி வழியில் ஒரு நெடி தொண்டையைப் பிடித்தது. தன் ஈரத் துண்டால் என் மூக்கை அழுத்திப் பிடித்து இழுத்து வந்தார். பயப்பட ஒன்றுமில்லை, கண் எரிச்சல் மத்தியானமே போய்விட்டது.

கெட்டியான பருத்தித் துண்டு இரண்டு அனுப்புங்கள். உங்கள் பழையதானாலும் சரி, உங்கள் வாசம் இருக்கும். தங்கச்சி லீவுக்கு இங்கே வர வேண்டாம்.

ஜன்னல் வழியே தூரத்தில் அந்தச் சேறு தெரிகிறது, இன்றும் கொக்குகளைக் காணோம். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அக்காதான். இவ்வளவு வேகமாக அவர் தட்டியதே இல்லை. முடிக்கிறேன் அப்பா.

ஜெமிமா