பயான் என்று பதியப்பட்ட புவியியல் பாடங்கள்

அனுப்புநர்:
சா. ஷிம்லா,
பள்ளிவாசல் வீதி,
நுரைச்சோலை.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
கரையோர எண்ணிம நூலகம்,
புத்தளம்.

பொருள்: பாட ஒலிப்பதிவுகளின் தவறான விபரங்களைத் திருத்துவதும், அவை நீக்கப்படுவதை உடனே நிறுத்துவதும்

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பிறவியிலேயே கண்பார்வை அற்றவள். அடுத்த மாதம் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றவுள்ளேன். எனக்குப் புவியியல் கற்பித்தவர் எங்கள் ஊர் மைமூனா ஆசிரியை. பாடம் முழுவதையும் தமது குரலில் பதிவுசெய்து, என்னைப் போன்ற மற்றப் பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று தங்கள் நூலகத்திற்கு வழங்கினார். பதிவுசெய்த கைபேசி பின்னர் பழுதாகிவிட்டது. வேறு பிரதி எங்களிடம் இல்லை; தங்கள் இணையத்தளத்தில் கேட்கலாமே தவிர இறக்கிக்கொள்ள முடியாது.

2. ஆசிரியை ஸலாம் கூறி, பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் எந்தப் பாடத்தையும் தொடங்குவார். இடையில் தொழுகைக்கான பாங்கு கேட்டால் நிறுத்தி, முடிந்த பிறகு தொடர்வார். பதிவுகளுக்கு விபரம் எழுதிய தங்கள் உத்தியோகத்தர் தொடக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு, மார்க்கச் சொற்பொழிவு என்று முடிவு செய்துவிட்டார். மீதரவு என்று தாங்கள் அழைக்கும் அந்த விபரங்களில் எல்லாவற்றுக்கும் தலைப்பு "பயான்". பொருள் "சமயம்". வகுப்பும் இல்லை, அலகும் இல்லை.

3. என் கைபேசி திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும். தங்கள் தளத்தில் "பருவக்காற்று" என்று தேடினால் ஒன்றுமில்லை என்கிறது. ஆசிரியையின் பெயரால் தேடினால் பயான், பயான், பயான் என்று சொல்லிக்கொண்டே போகிறது. ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொரு ஸலாத்துக்கும் பதில் சொல்லியே களைத்துப்போனேன் ஐயா. பருவக்காற்று இன்னும் கிடைக்கவில்லை.

4. நூலகத்திற்குத் தொலைபேசியில் முறையிட்டேன். "பயானும் நல்லதுதானே தங்கச்சி, கேளுங்க" என்றார் ஒருவர். பயான் கேட்டு மறுமைக்கு ஆயத்தமாகலாம். பரீட்சை மண்டபத்திற்கு முடியாது.

5. இப்போது வந்துள்ள அறிவித்தல் என்னை நிலைகுலைய வைத்துள்ளது. ஒரே தலைப்பும் ஒரே விபரமும் கொண்ட பதிவுகளில் ஒன்றை வைத்துக்கொண்டு ஏனையவை இம்மாத இறுதியில் நீக்கப்படுமாம். அப்படியானால் மழையும் மண்ணும் ஆறுகளும் போய், ஏதோ ஒரு பாடம் மட்டும் மிஞ்சும். அது எது என்று கணினிக்கும் தெரியாது.

6. மீண்டும் பதிவுசெய்யலாமே என்று தாங்கள் கருதக்கூடும். தொண்டையில் சத்திரசிகிச்சை செய்தபின் ஆசிரியைக்குக் குரல் இல்லை.

7. ஆகையால் நீக்குவதை முதலில் நிறுத்துங்கள். பிறகு ஒவ்வொரு பதிவுக்கும் உரிய பாடம், வகுப்பு, அலகு, தலைப்பு ஆகியவற்றை இடச் செய்யுங்கள். ஆள் இல்லை என்றால் நானே நூலகத்திற்கு வந்து கேட்டுச் சொல்கிறேன். கணினியில் பதிய ஒருவரைத் தந்தால் போதும். தங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

8. இம்மனுவை நான் சொல்லச் சொல்ல எழுதுபவர் மைமூனா ஆசிரியையே. ஐந்தாம் பந்தியில் பேனாவின் சத்தம் நெடுநேரம் நின்றது. அழுதாரா என்று எனக்குத் தெரியாது. அவரால் பேச முடியாது, என்னால் பார்க்க முடியாது. அவர் எனக்குச் சொல்லக்கூடியதெல்லாம் தங்கள் நூலகத்தில்தான் இருக்கிறது.

தங்கள் பதிலைக் கேட்கக் காத்திருக்கும்,

(பெருவிரல் அடையாளம்)
சா. ஷிம்லா

இடம்: நுரைச்சோலை
திகதி: 2024.10.14